ஸ்டெஃபியின் ஓலையும் 'வாலண்டரிலி' என்ற சொல்லும்

அம்பத்தூர்,
வியாழக்கிழமை.

பெருமதிப்புக்குரிய ஆங்கிலம்–தமிழ் அகராதிப் பதிப்பாசிரியர் ஐயா அவர்களுக்கு,

அம்பத்தூரிலிருந்து ம. பிரகாசம் பணிவுடன் எழுதிக்கொண்டது. தங்களுக்கும் தங்கள் இல்லத்தாருக்கும் அச்சகத்து அன்பர்களுக்கும் ஆண்டவர் நல்ல சுகம் தரட்டும். இங்கே எனக்கு இடுப்புவலியைத் தவிர உடம்பில் குறையில்லை. அது எப்படி வந்தது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

தங்கள் அகராதியில் 'வாலண்டரிலி' என்ற சொல்லுக்கு, 'யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், தன் சொந்த விருப்பப்படி' என்று பொருள் போட்டிருக்கிறீர்கள். ஐயா, இதை எழுதியவர் எங்கள் பக்கம் குடியிருந்தவர் இல்லை என்று நினைக்கிறேன். இங்கே தொழிற்பேட்டை எஸ்டேட்டில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அத்தனை வருஷத்தில் அவர் எனக்கு டீ தந்தது அன்றைக்குத்தான், ஏதோ வில்லங்கம் என்று அப்போதே புரிந்துபோனது. நான் விருப்ப ஓய்வு கேட்டு எழுதுகிற கடிதத்தை அவரே டைப் அடித்து வைத்திருந்தார், வாலண்டரிலி என்ற சொல் அதில்தான் எனக்கு முதல் அறிமுகம். யோசிக்கிறேன் சார் என்றேன். மறுநாள் என் நாற்காலியை வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில் போட்டு, யோசித்து முடிக்கிறவரை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். வெயில் தாங்காமல் "உங்க இஷ்டம் சார்" என்று கையெழுத்துப் போட்டேன். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. சரி, அந்த ஓய்வாவது மிஞ்சியதா என்றால், அதுவும் இல்லை. எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாமாதம் கூடி ஜெபம் செய்வோம், அதற்கு அன்பியக் கூட்டம் என்று பெயர், காய்ச்சலால் ஒரு மாதம் நான் போகவில்லை. கோயில் வேலை எதுவானாலும் கூட்டத்துக்குப் போகாதவன் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள், போனவன் அங்கேயே முடியாது என்று சொல்லிவிடுவானே! ஞாயிறு பூசை முடிவில், தேர்பவனிக்கு ஜெனரேட்டர் வண்டி தள்ள வாலண்டரிலி முன்வந்த சகோதரர் பிரகாசம் என்று மைக்கில் வாசித்தார்கள், எல்லாரும் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள், நானும் ஆட்டி வைத்தேன், இடுப்பு போனது அதில்தான். ஃபிளாட்டில் மோட்டார் ரூம் என் கதவுக்கு எதிரே இருக்கிறது என்ற ஒரே பாவத்துக்காக மோட்டார் போடுவதும் நானே, தண்ணீர் நின்றால் திட்டு வாங்குவதும் நானே.

இதெல்லாம் போகட்டும் ஐயா, எனக்குப் பழகிப்போய்விட்டது. இப்போது விஷயம் என் ஒரே மகள் ஸ்டெஃபியைப் பற்றியது. கோயிலில் என் மனைவி ஜெயகுமாரிக்குப் பக்கத்தில் உட்காருகிற ஒரு அம்மாளின் மகன் யூஜின், பூந்தமல்லிக்காரன், அவனை இவளுக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான். ஆனால் ஸ்டெஃபியிடம் சொன்னபோது அவள் போனைப் பார்த்தபடியே, "உங்க இஷ்டம்மா" என்றாள், அவ்வளவுதான். ஜெயகுமாரி ஊரெல்லாம், "எம்பொண்ணு ஒரு வார்த்த எதுத்துப் பேசல, வாலண்டரியா ஒத்துக்கினா" என்று பெருமை அடித்துக்கொள்கிறாள். ஐயா, அந்த 'உங்க இஷ்டம்' எனக்குத் தெரிந்த இஷ்டம். வெயிலில் உட்கார்ந்து நான் சொன்னது.

"ஜெயா, பாப்பாவ ஒருதபா தனியா கேட்டுறலாமா?" என்றேன்.

"இன்னாத்த கேக்கப் போற? மண்டபம் சொல்லியாச்சு. சும்மா கெடக்குற சங்க ஊதிக் கெடுக்காத" என்றாள்.

அதோடு விட்டுவிட்டேன். கேட்டு, அவள் இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும்தான், மறைப்பானேன்.

சனிக்கிழமை ஓலை எழுதப் போகிறோம். கல்யாணத்துக்கு முன்னால் பங்குச் சாமியார் பையனையும் பெண்ணையும் தனித்தனியாக அறைக்குள் அழைத்து, கதவைச் சாத்தி, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டு எழுதிக்கொள்வார். பிறகு அந்தக் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பார்கள். அங்கேயும் என் பெண், 'உங்க இஷ்டம் ஃபாதர்' என்றுதான் சொல்வாள். அவரும் வாலண்டரிலி என்று எழுதிக்கொள்வார். ஆகையால் அடுத்த பதிப்பிலாவது அந்தப் பொருளை எடுத்துவிட்டு, 'மறுக்கத் தெம்பில்லாமல்' என்று திருத்தும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் சொற்கள் பெருகவும் அச்சுப்பிழைகள் அருகவும் வேண்டும் என்ற ஜெபத்துடன்,
தங்கள் உண்மையுள்ள,
ம. பிரகாசம்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. ஓலை எழுத உள்ளே போன ஸ்டெஃபி நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும், அம்மா காதில் விழாதபடி வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், "பாப்பா, உனுக்கு இஷ்டந்தானா? இல்லேன்னா இப்பவே சொல்லிடு, மண்டபம், உங்கம்மா, எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. அவள் போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"யூஜின காலேஜ்லேர்ந்து தெரியும்ப்பா. அவங்கம்மாவ கோயில்ல நம்ம அம்மா பக்கத்துல உக்கார வெச்சதே நான்தான். அம்மாவே கண்டுபுடிச்ச மாப்பிள்ளன்னா சண்ட வராதுல்ல?"

ஆகவே ஐயா, தங்கள் அகராதிப் பொருள் சரியே, திருத்த வேண்டாம். என் பெண் விஷயத்தில் அது அட்சர சுத்தம். ஜெயகுமாரிக்கு இன்னும் எதுவும் தெரியாது, தயவுசெய்து வீட்டுக்குப் பதில் போட்டுவிடாதீர்கள்.

"என்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"இன்னிக்குத்தானேப்பா நீ கேட்ட" என்றாள்.