மோத்திக்கு வந்த மாட்டுப்புழு

"இட்லி மாவுக்குப் பக்கத்துல குதிரைச் சாணியாடி?"

விஜயலட்சுமி ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே ஒரு வெள்ளை டப்பா. மூடிமேல் ‘மோத்தி’ என்று மகள் தேவிப்ரியாவின் கையெழுத்து.

"மூடி இறுக்கமாத்தான் இருக்கும்மா. காலைல எடுத்துட்டுப் போயிடுவேன்."

"சாமிக்கு வைக்கிற பால் இருக்கு இதுல."

"நீ மட்டும் பால்கார கிஷன்கிட்ட தினம் சாணி வாங்கி வாசல்ல தெளிக்கலையா?"

"அது லட்சுமி."

"இதுவும் லட்சுமிதான். இதுலதான் என் சம்பளம் வருது."

ஆபீசிலும் ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தது. அதில் டாக்டர் வெங்கட்ராமனின் மிஷ்டி தொய், அதாவது இனிப்புத் தயிர், இருந்தது. கொல்கத்தாவின் வண்டிக் குதிரைகளுக்கு என்னென்ன புழு வருகிறது, ஏன் வருகிறது என்ற ஆராய்ச்சிக்கு அவர்தான் தலைவர். தேவிப்ரியா கான்ட்ராக்ட் ஆள். அப்பா ரயில்வே கலாசி. அந்த வம்சத்திலேயே முதல் டிகிரி இவளுடையது, விலங்கியல் எம்.எஸ்ஸி. அதை வைத்துக்கொண்டு சாயங்காலமானால் விக்டோரியா மெமோரியல் வாசலில் ஒரு குதிரையின் பின்னால் பாலிதீன் பையோடு நிற்பாள். குதிரை மனசு வைக்கும்வரை நிற்பாள்.

மறுநாள் காலை டப்பாவை லதாவிடம் ஒப்படைக்க வேண்டும். லேபுக்குள் போகக் கான்ட்ராக்ட் ஆளுக்கு அனுமதி கிடையாது. லதா பர்மனென்ட். மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, டப்பாவைத் தண்ணீரில் கவிழ்த்துக் கரைத்து வடிகட்டுவாள். மிச்சத்தைச் சார் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்.

அம்மா சில நாள் புலம்பினாள். அப்புறம் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அந்த வீட்டில் தேவிப்ரியா ஜெயித்த ஒரே சண்டை அது.

மோத்தியின் சொந்தக்காரன் நஸீர். ஹேஸ்டிங்ஸ் மேம்பாலத்துக்குக் கீழே குதிரையைக் கட்டியிருந்தான். மோத்திக்கு விலா எலும்பு தெரிந்தது, வயிறு மட்டும் உப்பியிருந்தது. தூணில் தேய்த்துத் தேய்த்து வாலடி மொட்டையாகிவிட்டது.

"மருந்து எப்போ வரும், தீதி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டான்.

"ரிசல்ட் வரட்டும்."

ரிசல்ட் வந்தது. சார் கூப்பிட்டனுப்பினார்.

"தட்டைப்புழு முட்டை. அதுவும் மாட்டுக்கு வர்ற ரகம். குதிரை மாட்டோட நிக்குதாம்மா?"

"இல்ல சார். மைதானத்துல மேயும்."

"அங்க மாடும் மேயும். புல்லுல இருந்து வந்திருக்கும். நிறுத்து."

தேவிப்ரியா போய் நிறுத்தினாள்.

"புல்லு இல்லாட்டி என்ன தின்னும், தீதி?"

"வைக்கோல் போடு."

மோத்தி வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு நஸீரைப் பார்த்தது. இன்னும் இளைத்தது.

அடுத்த டப்பாவில் முட்டை கூடியிருந்தது. அப்படியானால் தண்ணீர்தான் என்றார் சார். பாலத்தடியில் குட்டை, குட்டையில் நத்தை, நத்தையில் புழு. இடத்தை மாற்றச் சொன்னார். நஸீர் பழைய கிடங்கு ஒன்றின் பின்புறம், கூரையில்லாத முற்றத்துக்கு மாற்றினான். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. மோத்தி நனைந்து இருமத் தொடங்கியது. சவாரி நின்றது.

"பாலத்தடியில நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் நஸீர்.

"நல்லா இருந்துச்சா? வயித்துல இருக்கிறது உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எங்க தெரியும். நீங்கதானே படிச்சவங்க."

அவன் குத்திச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு தட்டைப்புழு மருந்து வந்தது. கொடுத்ததும் மோத்தி வைக்கோலையும் விட்டது. டப்பாவில் முட்டை மட்டும் குறையவில்லை. சாருக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. ஃப்ரிட்ஜிலிருந்து தொய் எடுத்து அவளுக்கும் ஒரு கரண்டி கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக.

"மருந்துக்கும் மசியாத மாட்டுப்புழு, அதுவும் குதிரைக்கு. உலகத்துலயே யாரும் பாத்ததில்ல. கட்டுரை எழுதறேன். உன் கான்ட்ராக்டை நீட்டிடலாம்."

"குதிரை எழுந்து நிக்கமாட்டேங்குது சார். வாலைத் தேய்க்கிறதைப் பாத்தா வேற புழுவும் இருக்குமோன்னு தோணுது. அதுக்கும் ஒரு மருந்து…"

"வேற எதையும் கொடுத்துக் கெடுத்துடாதே. சாம்பிள் சுத்தமா இருக்கணும்."

கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிகிறது. அப்பாவுக்கு ரிடையர்மென்ட் நெருங்குகிறது, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். தேவிப்ரியா தொய்யை விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் மோத்தி செத்துப்போயிற்று.

சார் அறுத்துப் பார்த்தார். வெளியே வந்தபோது கட்டுரை எழுதும் முகம் போய்விட்டிருந்தது.

"குடல் முழுக்க உருளைப்புழு. கொத்துக் கொத்தா. சாதாரணமா எல்லாக் குதிரைக்கும் வர்றது, சாதாரண மருந்துல போயிருக்கும். தட்டைப்புழு ஒண்ணுகூட இல்ல. அப்ப நான் இத்தனை நாள் பாத்தது என்ன? நீ கொண்டுவந்தது மாட்டுச் சாணி."

"நான் என் கையால எடுத்தது சார்."

"அப்ப நான் பொய் சொல்றேனா? லதா பொய் சொல்றாளா? ஒண்ணு நீ மாத்தியிருக்கணும், இல்ல அந்த வண்டிக்காரன். யாருன்னு நீயே சொல்லு."

கதவோரம் நஸீர் நின்றிருந்தான். கையில் மோத்தியின் கழுத்து மணி. தமிழ் புரியாமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

தேவிப்ரியா யோசித்தாள். விழுந்ததும் எடுப்பாள் என்றாலும், மழைநாளில் அவள் ஒதுங்கி நின்றபோது அள்ளிக் கொடுத்தது நஸீர்தான். அவன் மாற்றியிருக்கலாம். இப்படி வேலை கெடுப்பவர்கள் ஊரில் இல்லாமலா.

"அவன்தான் சார்" என்றாள்.

சார் அதை வங்காள மொழியில் சொன்னார். நஸீர் அவள் பக்கம் திரும்பினான். "நானா, தீதி?" என்று மட்டும் கேட்டான். அவள் சுவரைப் பார்த்தாள். வண்டி லைசென்சை ரத்து செய்யச் சொல்லி எழுதுவதாகச் சார் சொன்னார். கான்ட்ராக்ட் நீட்டிப்பில் மறுநாள் கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னார்.

காலையில் தேவிப்ரியா கையெழுத்துக்காக நல்ல புடவை கட்டிக்கொண்டு காபியோடு உட்கார்ந்தாள். ஃப்ரிட்ஜில் மோத்தியின் கடைசி டப்பா அப்படியே இருந்தது.

"முகம் ஏன்டி இப்படி இருக்கு?" என்றாள் அம்மா.

"ஏமாத்துக்காரனை நம்பினேன், அதான்."

"இந்த ஊர்ல யாரை நம்ப முடியுது. விடு. இட்லி சாப்பிடு."

கதவு தட்டும் சத்தம். பால்கார கிஷன். ஒரு கையில் பால் கேன், மறு கையில் ஈயப் போகணி நிறையப் பசுஞ்சாணி. உள்ளே எட்டிப் பார்த்து வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான்.

"மாஜி, இன்னிக்குச் சாணி வாசலுக்கு மட்டும் போதுமா, இல்ல ஃப்ரிட்ஜ்ல இருக்கிற டப்பாவைக் கழுவி மாத்தி வைக்கவும் சேத்துத் தரவா?"