லிட்டருக்கு மூன்று

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்குக் கார் வாசலைத் தாண்ட மறுத்தது.

பின்னால் கொக்கியில் படகு மாட்டியிருந்தது. படகுக்கு அடியில் இரண்டு சக்கர டிரெய்லர். முன்னால் இளம்பச்சை நிறத்தில் சின்னக் கார். ஆய்வாளர் முதல் கியரில் கிளட்சை மெதுவாக விட்டார். கார் முனகியது. ஒரு சாண் நகர்ந்தது. பிறகு கருகிய வாடை வந்தது.

"இறங்குங்க," என்றாள் மனைவி. "கார் அழுவுது."

அவர் இறங்கினார். அவர் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடைத் தராசுகளையும் பெட்ரோல் பங்குகளையும் சோதித்து முத்திரை வைப்பது வேலை. அலுவலகத்தில் அவருக்குக் 'கிராம்' என்று பெயர். முகத்துக்கு நேராக மட்டும் சார் என்பார்கள்.

காருக்கு ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் மைலேஜ் எழுதுவார். லிட்டருக்கு இருபத்தொன்று புள்ளி நான்கு. ஒன்பது வருடமாக அதே எண். அவர் வாழ்க்கையில் சொன்னபடி நடந்துகொண்டது அந்தக் கார் ஒன்றுதான்.

படகு மச்சானுடையது. மனைவியின் அண்ணன். இரண்டு வருடம் முன்பு கப்பல் வேலைக்குப் போகும்போது வாசலில் நிறுத்திவிட்டுப் போனார். மேலே நீலத் தார்ப்பாய். அதைச் சுற்றிப் பதினெட்டு முடிச்சு.

"முடிச்சுல யாரும் கை வைக்காதீங்க மாப்பிள்ளை. அது கப்பல் முடிச்சு. நான் வந்துதான் அவுக்கணும்."

யாரும் கை வைக்கவில்லை. ஆய்வாளர் டயர்களுக்கு அவ்வப்போது காற்றடித்தார். படகின் அடியில் ஒரு பித்தளை மூடி தளர்ந்து தொங்குவதைப் பார்த்து அதை இறுக்கினார். தளர்ந்து கிடப்பது எதுவும் அவருக்குப் பிடிக்காது. மனைவி தார்ப்பாயைப் பார்த்து இரண்டு மழைக்காலமும் பெருமைப்பட்டாள். "எவ்வளவு ஊத்தினாலும் மேல ஒரு சொட்டு நிக்குதா பாருங்க. அண்ணன் வாங்கினா அப்படித்தான்."

இப்போது அண்ணன் வருகிறார். அடுத்த ஞாயிறு. ஆறு மாத விடுமுறை. நேரே ஏரிக்கு வந்துவிடுவார், படகு அங்கே இருக்க வேண்டும். ஏரியில் படகை விட்டு வைக்க அனுமதி கிடையாது. ஆகவே ஞாயிறுதோறும் அறுபது கிலோமீட்டர் இழுத்துப் போய், மறுபடி இழுத்து வர வேண்டும். மனைவி சரி என்று பதில் அனுப்பிவிட்டாள்.

ஆய்வாளர் மச்சானைப் போனில் பிடித்தார்.

"மச்சான், படகு என்ன எடை இருக்கும்?"

"டிரெய்லரோட சேத்தே ஐந்நூறு தாண்டாது மாப்பிள்ளை. உங்க கார் ஜம்முனு இழுத்துட்டுப் போயிடும்."

மச்சான் பேச்சுக்கு அவரிடம் ஒரு திருத்தம் இருந்தது. பெருமையான விஷயமென்றால் மூன்றால் வகுக்க வேண்டும். ஒன்பது கிலோ மீன் என்றால் மூன்று கிலோ. தொல்லையான விஷயமென்றால் மூன்றால் பெருக்க வேண்டும். பத்து நாள் தங்குகிறேன் என்றால் ஒரு மாதம். பதினைந்து வருடத்தில் பிசகியதில்லை.

எதிர்வீட்டு மரக்கடைக்காரர் தன் லாரியில் படகை எடை மேடைவரை இழுத்துக் கொடுத்தார். திரும்பக் கொண்டுவந்து விட்டதும், "இன்னொரு தடவை கேக்காதீங்க சார்," என்றார்.

ஆயிரத்து ஐந்நூற்று எண்பது கிலோ.

ஐந்நூறை மூன்றால் பெருக்கினால் கிட்டத்தட்ட அதுதான். இருந்தும் அலுவலகத்திலிருந்து முத்திரை எடைக்கற்களை வரவழைத்து மேடையைச் சோதித்தார். மேடையில் குறை இல்லை.

"தராசு பொய் சொல்லாது," என்றார் மனைவியிடம். "உங்க அண்ணன்தான் சொல்வாரு."

"அண்ணன் எது வாங்கினாலும் கனமாத்தான் இருக்கும். நமக்கு வாங்கித் தந்த பீரோவ ஆறு பேரு தூக்கலையா?"

திங்கட்கிழமை டிரக் வியாபாரியிடம் போனார்கள். பழைய வண்டிகள் வரிசையாக நின்றன. ஆய்வாளர் முதல் வண்டியின் கதவைக்கூடத் திறக்கவில்லை.

"மைலேஜ் எவ்வளவு?"

"சார், மைலேஜ் கேக்குறவங்க டிரக் பக்கமே வரமாட்டாங்க."

"நான் வந்துட்டேன்."

வியாபாரி பெருமூச்சு விட்டார். "இது பன்னெண்டு குடுக்கும். ஆயிரத்து ஐந்நூறு கிலோ இழுக்கும்."

"என்னோடது ஆயிரத்து ஐந்நூத்தி எண்பது."

"எண்பது கிலோதானே சார். இன்னொரு ஆளு ஏறினதா நெனச்சுக்குங்க."

"அந்த எண்பது கிலோவப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்."

அடுத்தது சாம்பல் நிறம். இரண்டாயிரம் கிலோ இழுக்கும். லிட்டருக்கு ஒன்பது. ஒன்பது என்றதும் ஆய்வாளர் மனைவியைப் பார்த்தார். மனைவி வேறு பக்கம் பார்த்தாள்.

வீட்டு வாசலில் படகும் ஒரு வண்டியும்தான் நிற்க முடியும். காரைக் கொடுத்துவிட்டு டிரக்கை எடுத்தார். நோட்டை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வாசலில் டிரக் நின்றது. அதன் பின்பாதி தெருவில் நின்றது. செவ்வாய், புதன், வியாழன் மழை. மூன்று நாளும் பக்கத்து வீட்டுக்காரர் குடையோடு வந்து, டிரக்கைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதைச் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மழை விட்டது. ஒத்திகையாக ஊரைச் சுற்றி வந்தார்கள். பிரேக் போட்டபோதெல்லாம், யாரோ பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் தள்ளுவதுபோல டிரக் முன்னால் போய் நின்றது. லிட்டருக்கு நான்கு. நோட்டில் எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது. அப்படியே எடை மேடைக்கு ஓட்டினார்.

படகு இரண்டாயிரத்து முப்பது.

"ஒரு வாரத்துல எப்படிய்யா ஏறும்?" என்று வீடு திரும்பியதும் மரக்கடைக்காரரிடம் கேட்டார்.

"மரப்படகுதானே சார். மரம் மழையில ஊறும். ஊறினா கனக்கும். என் கடையில தினமும் பாக்குறேன்."

"இவ்வளவா?"

"எந்த மரம்னு பாக்கணும்."

பதினெட்டு முடிச்சுக்கு உள்ளே எந்த மரம் என்று யாருக்கும் தெரியாது.

மறுபடி டிரக் வியாபாரி. வாசலில் இளம்பச்சைக் கார் கழுவித் துடைத்து நின்றது. ஓர் ஆசிரியை அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"இருபத்தொண்ணு குடுக்கும் டீச்சர்," என்றார் வியாபாரி.

"புள்ளி நாலு," என்றார் ஆய்வாளர்.

இருவரும் திரும்பினார்கள். ஆய்வாளர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். முதல் ஒன்பது வருடத்தை ஆசிரியையிடம் கொடுத்தார். டிரக்கின் கணக்கு எழுதியிருந்த கடைசித் தாளைக் கிழித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

"நல்லா ஓடுமா சார்?"

"ஏமாத்தாதும்மா," என்றார்.

வியாபாரி அவரைக் கடைசி வண்டிக்கு அழைத்துப் போனார். கறுப்பு. ஏறுவதற்கு ஒரு படி வைத்திருந்தது. மூவாயிரத்து ஐந்நூறு கிலோ இழுக்கும்.

"இது எவ்வளவு குடிக்கும்?"

"இது குடிக்காது சார். குளிக்கும்."

ஞாயிறு காலை கிளம்பினார்கள். ஊர் எல்லையில் பெட்ரோல் பங்க். அங்கே வருடத்துக்கு நான்கு முறை சோதனைக்குப் போவார். ஊழியர் ஓடி வந்தார்.

"இன்னிக்கு சோதனையா சார், பெட்ரோலா?"

"பெட்ரோல். நிரப்புங்க."

மீட்டர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. ஆய்வாளருக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து ஐந்து லிட்டர் அளவுக் குவளையை எடுத்துப் பிடித்துப் பார்த்தார். ஒரு மில்லி கூடக் குறையவில்லை.

"திருப்தியா சார்?" என்றார் ஊழியர்.

அவர் குவளையில் இருந்ததை டாங்கில் ஊற்றினார். குறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாதி வழியில் இன்னொரு பங்க். கிழித்த தாளில் எழுதினார். லிட்டருக்கு மூன்று.

"பின்னாடி என்னமோ தளும்புற மாதிரி சத்தம் கேக்குதே," என்றாள் மனைவி.

"டாங்க்ல பெட்ரோல் ஆடுது."

"அவ்வளவு பெரிய டாங்கா?"

"உங்க அண்ணனுக்காக வாங்கினது. பெரிசாத்தான் இருக்கும்."

ஆய்வாளர் ஆறு மாதத்தில் எத்தனை ஞாயிறு என்று எண்ணிப் பார்த்தார். இருபத்தாறு. மச்சான் சொன்ன ஆறு மாதம் அது. மூன்றால் பெருக்க வேண்டியது நினைவுக்கு வந்ததும் எண்ணுவதை நிறுத்தினார்.

ஏரிக்கரையில் படகு இறக்கும் சரிவு ஈரமாக இருந்தது. அங்கே ஒரு கார் ஏறிக்கொண்டிருந்தது. அவர் விற்ற காரைவிடச் சின்னது. பின்னால் படகு. அதே நீளம், அதே மாதிரி டிரெய்லர். கார் திணறாமல் மேட்டில் ஏறி, திரும்பி, போய்விட்டது.

ஆய்வாளர் அது கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தார். "லேசான மரம் போல," என்றார்.

மனைவி அவர் கையை ஒருமுறை தொட்டுவிட்டு அண்ணன் வருகிறாரா என்று பார்க்க இறங்கிப் போனாள்.

ஏரிக் காவலாளி வந்தார். டிரெய்லர் டயர்கள் பிதுங்கியிருப்பதைக் குனிந்து பார்த்தார். படகின் வயிற்றில் விரல் முட்டியால் தட்டினார். தள்ளிப் போய் இன்னோர் இடத்தில் தட்டினார்.

"வெளியிலயா சார் நின்னுச்சு?"

"ரெண்டு வருஷம். தார்ப்பாய் போட்டுத்தான்."

காவலாளி தார்ப்பாயின் நடுவில் ஒரு விரலை வைத்தார். விரல் ஓட்டை வழியே உள்ளே போனது.

"அடியில பித்தளை மூடி ஒண்ணு இருந்திருக்குமே சார்?"

"இருக்கு. தளர்ந்து கிடந்துச்சு." அந்த வாரத்தில் முதல் முறையாக ஆய்வாளரின் குரலில் கொஞ்சம் நிமிர்வு வந்தது. "நான்தான் நல்லா இறுக்கி வெச்சேன்."

காவலாளி படகைப் பார்த்தார். கறுப்பு டிரக்கைப் பார்த்தார். கடைசியில் அவரைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு வருஷத்து மழையையும் சேத்தா சார் இழுத்துட்டு வந்தீங்க?"