கண்ணாடியில் போர்த்துக்கல்

"ஸ்பெயினுக்கு வலது பக்கம் போர்த்துக்கல்" என்று சொல்லிவிட்டு, சண்முகநாதனின் கழுத்தில் சவரக்கத்தியை வைத்தார் கிருஷ்ணராஜ்.

"இடது பக்கம்" என்றார் சண்முகநாதன், உதடு அசையாமல். ஓய்வுபெற்ற தபாலதிபர் அவர். கழுத்தில் கத்தி இருந்தாலும் ஒரு நாட்டின் விலாசம் பிழையாக விடமாட்டார்.

"மூணு வாரமா பார்த்துப் பாடமாக்கியிருக்கேன் ஐயா!"

"எங்க பார்த்தீங்க?"

கிருஷ்ணராஜ் எதிரே இருந்த கண்ணாடியைக் காட்டினார். பின்சுவரில் தொங்கிய பெயர் எழுதாத ஐரோப்பிய வரைபடம் அதில் தெரிந்தது. காட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. மூன்று வாரமாக முழு ஐரோப்பாவையும் இடம் வலம் மாற்றிப் படித்திருக்கிறார்.

"ஐயோ, புள்ளைக்கும் அப்படியே சொல்லிக் குடுத்துட்டேனே!"

நாவலப்பிட்டியில் சலூன் வைத்திருக்கும் கிருஷ்ணராஜ் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மகள் துஷானி உயர்தரப் பரீட்சைக்கு வரலாறு எடுத்தாள் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே ரயிலேறிக் கண்டிக்குப் போய், ஐரோப்பிய வரலாற்றுப் புத்தகமும் பரீட்சையில் வருவது போன்ற வரைபடமும் வாங்கி வந்தார்.

"அப்பா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள் துஷானி.

"நீ ஒண்ணும் பேசாத. நான் கேள்வி கேக்குறேன், நீ பதில் சொல்லு. நம்ம வீட்டுலருந்து பேராதனை கெம்பஸுக்குப் போற மொத ஆள் நீதான்!"

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "சரிப்பா" என்றாள்.

இப்போது ஒரு போர்த்துக்கல்லால் அந்தப் பல்கலைக்கழகமே கைநழுவிவிடுமோ என்று பயந்தார். அன்று மாலையே வரைபடத்தைக் கழற்றிவிட்டு, கண்ணாடியில் சரியாகத் தெரியும்படி சுவரிலே இடம் வலம் மாற்றி ஐரோப்பாவை வரைந்தார்.

கண்ணாடியில் எல்லாம் சரிதான். ஆனால் முடிவெட்டக் காத்திருக்கும் உயர்தர மாணவர்கள் பெஞ்சிலிருந்து சுவரையே நேராகப் பார்த்தார்கள். தவணைப் பரீட்சையில் நான்கு பேர் ரஷ்யாவை அத்திலாந்திக் கடலோரத்தில் இறக்கிவிட்டார்கள்.

உடனே பெஞ்சுக்காரர்களுக்காக இன்னொரு சுவரில் சரியான ஐரோப்பா வந்தது. நாற்காலியில் இருந்தவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுத் தலையைத் திருப்பத் திருப்ப, ஊரில் பாதிப் பேருக்குக் கிருதா ஏறுக்குமாறாகப் போனது.

கிருஷ்ணராஜ் வெறுத்துப்போய், கண்ணாடிக்குரிய ஐரோப்பாவுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு ஆண்டுகளுக்குத் தாவினார். கேட்ட கேள்விக்குப் பதில் வந்தால்தான் இரண்டாவது கிருதா!

"நளீர் நானா, 1517-ல லூதர் தேவாலயக் கதவுல என்னத்த அடிச்சாரு?"

பேக்கரிக்கார நளீர் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்குத் தெரியா ராஜ். கெதியா வெட்டுங்க, கடய தொறக்கணும்."

"அப்ப பெஞ்சுல உக்காந்து படிங்க."

ஒற்றைக் கிருதாவோடு மாணவர்கள் நடுவே போய் உட்கார்ந்த நளீர், அரை மணி நேரத்தில் லூதரின் தொண்ணூற்றைந்து கருத்துகளோடு எழுந்து வந்தார். அதன் பிறகு யாரும் படிக்காமல் சலூனுக்கு வரவில்லை. வெட்டுவதற்கு முடியே இல்லாத மாணவர்கள்கூட வாரத்துக்கு இரண்டு தடவை வந்தார்கள். கிருஷ்ணராஜ் சீப்பால் சுவரைத் தட்டித் தட்டி வெஸ்ட்பாலியா உடன்படிக்கையை விளக்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, தனக்கும் ஏதோ தெரியும் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

பரீட்சைப் பெறுபேறு வந்தது. துஷானிக்கு வரலாற்றில் ஏ.

"ஐரோப்பாவையே கரைச்சுக் குடிச்சவ என் மக! இன்னைக்கு எல்லாருக்கும் சவரம் சும்மா!" கிருஷ்ணராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்காலியில் இருந்த யுகேஷ், துஷானியின் வரலாற்று ஆசிரியர், கன்னத்து நுரையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"அண்ணே, துஷானி எடுத்தது இந்திய வரலாறு, ஐரோப்பா எடுத்து ஏ வாங்கினது உங்க பெஞ்சுல உக்காந்திருந்த ஆறு பயலுகளும்தான்."