அரை ஆள் செத்த ஊர்

போன வருஷம் அந்த ஊரில் ஒருவர்கூடச் சாகவில்லை என்று பதிவேடு சொன்னது. இருபதாயிரம் பேர் இருக்கிற ஊர். வழக்கமாக வருஷத்துக்கு நூற்றைம்பது பேராவது மண்டையைப் போடுவார்கள்.

ஆயுள் சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சுழியமேதான்.

எந்த ஊரில், எந்த வயதில், எத்தனை பேர் சாவார்கள் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவர் உத்தியோகம். அதனால் அலுவலகத்தில் அவருக்கு இந்தப் பெயர். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கணிப்பும் பெரிதாகப் பிசகியதில்லை. 'மனுஷன் தப்பாச் சொல்ல மாட்டார்' என்ற பேச்சு ஒன்றுதான் அவர் சம்பாத்தியம்.

அந்தச் சுழியம் பொய் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அது அவர் பிறந்த ஊர். போன வருஷம் தொடங்கிய இரண்டாம் நாளே அவர் அம்மா அங்கேதான் இறந்துபோனாள்.

"மேடம், இந்த எண்ணிக்கை தப்பு" என்றார் மேலாளரிடம்.

"பதிவேட்டுல இருக்கறதுதான் சார் எண்ணிக்கை. உங்களுக்குத் தெரிஞ்சவங்க, எனக்குத் தெரிஞ்சவங்கன்னு சேர்க்க ஆரம்பிச்சா உருப்பட்ட மாதிரிதான். திங்கக்கிழமை சுகாதாரக் கமிட்டிக்குக் கணிப்பு போயாகணும்."

சரி என்று கணினியை ஓட்டினார். அது அடம்பிடித்தது. அவருடைய மாடல் இறப்பு விகிதத்துக்கு லாகரிதம் எடுக்கும். சுழியத்துக்கு லாகரிதம் கிடையாது. இப்படி மாட்டிக்கொள்ளும்போது புள்ளியியல்காரர்கள் செய்கிற தில்லுமுல்லு ஒன்று உண்டு. அரை ஆள் செத்ததாகப் போட்டுக்கொள்வார்கள். அவரும் போட்டார்.

"அரை ஆளா? மேல் பாதியா, கீழ்ப் பாதியா?" என்று அன்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"நீ வேற! மாடலை ஓட வைக்கத்தான்."

மாடல் ஓடத்தான் செய்தது, பிடித்து நிறுத்த முடியாமல். அதற்கு முந்தின வருஷம் நூற்றைம்பது பேர், போன வருஷம் அரை ஆள்! என்ன முன்னேற்றம்! இதே வேகத்தில் போனால் அந்த ஊர்க்காரர்களின் சராசரி ஆயுள் நூற்று நாற்பத்தொரு வயது என்று மறுநாள் காலையில் திரையில் கோடு ஏறி நின்றது.

பதறிப்போய், அக்கம்பக்கத்து ஊர்களின் எண்களோடு கலந்து சமன்படுத்திப் பார்த்தார். நாலு பேர் சேர்ந்து பிடித்தால் அடங்கிவிடும் என்று நினைத்தார். அடங்கவில்லை, தொற்றிக்கொண்டது. மத்தியானத்துக்குள் சுற்றியிருந்த ஒன்பது ஊர்களும் நூறைத் தாண்டி வாழ ஆரம்பித்துவிட்டன.

அதை அழிப்பதற்குள் மேலாளர் எட்டிப் பார்த்துவிட்டார்.

"அடேயப்பா! இதையா சார் மறைச்சு வெச்சிருக்கீங்க?"

மேலாளருக்குத் திங்கட்கிழமை வரை பொறுக்கவில்லை. கமிட்டித் தலைவருக்கே போன் போட்டுவிட்டார். அரை மணியில் பதில் வந்தது. சாவே இல்லாத ஊருக்கு ஆஸ்பத்திரி எதற்கு? மூடிவிட்டு விளையாட்டு அரங்கம் கட்டலாம்!

"ஐயையோ மேடம், அங்க ஜனங்க செத்துக்கிட்டுதான் இருக்காங்க!"

"ஆதாரம்?"

"எங்க அம்மா."

மேலாளர் தணிந்த குரலில் சொன்னார்: "நேர்ல போய்ப் பதிவேட்டைத் திருத்தி வாங்கிட்டு வாங்க. இல்லைன்னா உங்க கணிப்பைக் காட்டித்தான் ஆஸ்பத்திரியை மூடுவாங்க."

இதைக் கேட்டு மனைவிக்குச் சந்தோஷம். "போய்ட்டுத்தான் வாங்களேன். ஒரு வருஷமா அந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலே சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே கிளம்பிடறீங்க."

அன்றும் சட்டையை மாட்டிக்கொண்டுதான் கிளம்பினார். இந்தத் தடவை பஸ் ஏறினார்.

பஸ் போய் நின்ற இடம்தான் அவர் வளர்ந்த இடம். அம்மா அந்த பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அவள் ஜன்னலுக்குப் பின்னால் வந்து, காலடியில் உட்கார்ந்து, ஏறுகிறவர்களை நோட்டில் கோடு போட்டு எண்ணுவார். "நாளைக்கு எத்தனை பேர்டா ஏறுவாங்க?" என்பாள் அம்மா. இவர் ஒரு எண் சொல்வார். பக்கத்தில் வந்தால் ஒரு மிட்டாய். பக்கத்தில் வராவிட்டாலும் ஒரு மிட்டாய். "என் பிள்ளை சொன்னது சரிதான். ஜனங்கதான் தப்பா ஏறிட்டாங்க" என்று வண்டி ஓட்டுகிறவர்களிடம் சண்டைக்கே போவாள். அவர் செய்த முதல் முன்கணிப்புகள் அவைதாம். அந்த ஜன்னல் இருந்த இடத்தில் இப்போது ஒரு இயந்திரம் டிக்கெட்டைத் துப்பிக்கொண்டிருந்தது. அவளைப் போய் எண்ணாமல் விட்டுவிட்டார்களே!

அந்தத் துக்கம் பதிவு அலுவலகம் போய்ச் சேருவதற்குள் கோபமாகிவிட்டது.

"என்னய்யா ஆபீஸ் நடத்தறீங்க?" என்று மேசையைத் தட்டினார். "ஒரு வருஷமா ஒரு சாவைக்கூட எழுதலை! உங்களால ஆஸ்பத்திரியையே மூடப் போறாங்க. எங்க அம்மா இதே ஊர்லதான் போய்ச் சேர்ந்தாங்க. அவங்களைக்கூட விட்டுட்டீங்களே, மனசாட்சி இருக்கா?"

மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா கோபப்படவில்லை. அம்மாவின் பெயரைக் கேட்டார். ஆயுள் சார் சொன்னதும் எழுந்தே விட்டார்.

"டிக்கெட் அம்மா மகனா? அப்பாடா, வந்துட்டீங்களா!"

நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். முதல் வரியில் அம்மாவின் பெயர், வயது, தேதி எல்லாம் அழகாக எழுதப்பட்டிருந்தன. கடைசிக் கட்டம் மட்டும் காலி. அதற்குக் கீழே பக்கம் முழுக்க வெறுமை.

"மத்தவங்களுக்கெல்லாம் தற்காலிக இறப்புச் சீட்டு எழுதிக் கொடுத்துச் சமாளிக்கிறேன் சார். உங்களுக்கு ஆறு கடிதம் போட்டேனே, கிடைக்கலையா?"

ஆறும் கிடைத்திருந்தன. ஊர் முத்திரையைப் பார்த்ததுமே, பிரிக்கத் தெம்பில்லாமல், ஒவ்வொன்றையும் இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டியவர் ஆயுள் சார்தான்.

குமாஸ்தா பேனா மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

"முதல் வரியில சொந்தக்காரர் கையெழுத்து விழாம ரெண்டாவது வரிக்குப் போகக் கூடாதுங்கறது விதி. போன வருஷம் இந்த ஊர்ல செத்தவங்க அத்தனை பேரும் நீங்க வரணும்னுதான் சார் காத்துக்கிட்டு இருக்காங்க."