மூணு சுவருக்குச் சேலை

என் பெயர் மணவாளன். பெயருக்குத்தான். ஆனாலும் ஹால் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று சபதம் செய்திருந்தேன். என் மனைவி மலர்க்கொடியின் தம்பி ராஜவேலுக்குச் சிதம்பரத்தில் ஜவுளி வியாபாரம். அவன் சரக்கை எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டு ஹாலில் வைத்து விற்கப்போவதாக அவள் தை மாதத்திலிருந்து நச்சரித்தாள். ஹால் என் புது ஸ்டீரியோவுக்கு, தலைகீழாய் நின்றாலும் கடை வராது என்று சொல்லிவிட்டேன்.

ஸ்பீக்கர் இரண்டையும் சுவரைவிட்டு முன்னால் இழுத்து வைத்தேன். நாற்காலியை இரண்டுக்கும் நடுவாக எதிரே போட்டேன். பாட்டு வைத்தால், பாடகர் கிணற்றுக்குள் விழுந்து கத்துவதுபோல் இருந்தது. வெறும் சுவர், எதிரொலி. இந்த வீட்டில் நான் சொன்னதை மறுக்காமல் அப்படியே திருப்பிச் சொல்வது அது ஒன்றுதான். இருந்தாலும் அதை ஒழித்தே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

"அதுக்கு என்னா மாமா பண்ணணும்?" என்றாள் மலர்க்கொடி, என்றுமில்லாத பணிவோடு.

"சுவத்துல துணி தொங்கணும். மடிப்பு மடிப்பா. எவ்ளோ ஜாஸ்தியோ அவ்ளோ நல்லது."

"மூணு சுவத்துக்குமா?"

"மூணுக்கும்."

"நீங்க சொன்னா சரிதான் மாமா."

கல்யாணமானதிலிருந்து அவள் அப்படிச் சொன்னதே கிடையாது. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் பூரித்துப் போனேன்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தால், மூன்று சுவரிலும் கொடி கட்டிச் சேலை. பாட்டைப் போட்டேன். அடடா, வீணைத் தந்தியில் விரல் உரசுவதுகூடக் கேட்டது. சொக்கிப்போய்க் கண்ணை மூடினேன். திறந்தபோது தெருவில் பாதிப் பேர் ஹாலில் நின்று முந்தானையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு பெலிசியா, என் தலைக்குப் பின்னாலிருந்த மாம்பழக் கலரை உருவிக்கொண்டு போனாள்.

அந்த வாரத்திலேயே ஒரு சுவர் மொட்டை. பாடகர் மறுபடியும் கிணற்றில் விழுந்தார்.

"என்னாடி, துணி குறைஞ்சிட்டே போவுது?"

"விக்குது மாமா, நான் என்னா பண்றது? புதுசா கொண்டாந்து போட தம்பிக்கும் நேரமில்லையாம். போனாப் போவுது, எதிரொலியோடவே கேளுங்க."

விடுவேனா? எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற பரம்பரையா நான்? விடிந்ததும் சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன்.

திரும்பும்போது தலையில் ஒரு மூட்டை, கையில் இரண்டு. மூட்டைமேல் மச்சான் பட்டையாக எழுதியிருந்ததைக் கண்டக்டர் வாய்விட்டுப் படித்தார்.

"மலர்க்கொடி ஜவுளிக்கடை, மஞ்சக்குப்பம். ஏம்பா, அந்தக் கடையில நீ எப்ப வேலைக்குச் சேந்த?"