நாடி அண்ணனை ஜெயித்தவள்

மதுரை பழங்காநத்தம் வட்டாரத்தில் நாடி அண்ணனின் கை படாத நாடி ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் பக்கத்தில் முகவாய்க்கட்டைக்கு நாடி என்று பெயர். போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அவர், ஸ்டூலில் வந்து உட்கார்கிறவரிடம் பேர், ஊர், எத்தனை காப்பி என்று எதையும் கேட்பதற்கு முன்னால் சொல்கிற முதல் வார்த்தை, "நாடியத் தூக்கு." தூக்காவிட்டால் அவரே வந்து தூக்குவார். சந்தையில் பூசணிக்காயைப் புரட்டிப் பார்க்கிறவர் மாதிரி முகத்தை இரண்டு விரலால் திருப்பி வைத்துவிட்டு, அசையக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டு, லென்ஸைத் துடைக்கப் போவார். துடைத்து முடிப்பதற்குள் ஒரு கல்யாண மாப்பிள்ளை மூச்சடக்கி மயங்கி விழுந்ததாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

அவருடைய நிஜப் பேர் எனக்குத் தெரியாது. நான் விசாரித்தவர்களுக்கும் தெரியவில்லை. இந்தப் பட்டப்பெயரால் நாடி ஜோசியம் பார்க்க வருகிறவர்களின் தொல்லை வேறு. ஒருநாள் மேலூரிலிருந்து ஒரு குடும்பம், பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது, ஏடு பார்க்க வேண்டும் என்று வந்து இறங்கியது. அண்ணன் விவரம் எதுவும் கேட்கவில்லை. பெண்ணை ஸ்டூலில் உட்கார வைத்தார், நாடியைத் தூக்கினார், படத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். "இதக் காட்டுங்க, முடிஞ்சிரும்" என்றார். முடிந்தும்விட்டது. மணமக்கள் பழத்தட்டோடு வந்து காலில் விழுந்தார்கள். எழுந்த மாப்பிள்ளையின் காலரை நேராக்கி அனுப்பி வைத்தார்.

காலர் மட்டுமில்லை, கோணலாக எது இருந்தாலும் அவருக்கு ஆகாது. டவுன் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவரின் நெற்றியில் விபூதி சாய்ந்திருக்கிறது என்று அழித்துத் திரும்பப் பூசப்போய், அடி வாங்காமல் தப்பித்ததே பெரிய விஷயம். கடை முகப்பில் ஒரு கண்ணாடிப் பெட்டி. நேராகப் பார்க்கும் முகங்களுக்கு மட்டும்தான் அதில் இடம். அந்தப் பகுதியின் பெரிய புள்ளி ஒருவர் தன் படத்தை அதில் வைக்கச் சொல்லி ஆள் அனுப்பியபோது, அவர் கண் கேமராவைப் பார்க்கவில்லை, ஸ்டுடியோவின் கல்லாப்பெட்டியைத்தான் பார்க்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் என் மகள் கயலைக் கூட்டிப்போக வேண்டி வந்தது.

கயலுக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. யார் முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டாள். குக்கர் விசில் அடித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். சந்தோஷம் வந்தால் கன்னத்துக்குப் பக்கத்தில் விரல்கள் தாமாக ஆடும். 'நான்' என்று சொல்ல மாட்டாள், 'கயல்' என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்வாள்.

அந்த வருஷம் ஒரு மத்தியானம், அவள் எங்கள் ஆல்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்திலிருந்தும் தன்னை மட்டும் கத்தரித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் மேல் ஒரு கீறல் இல்லை. காதுகுத்து, பிறந்தநாள், ராமேஸ்வரம் போனது, எல்லாவற்றிலும் நாங்கள் ஒரு ஓட்டையைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தோம். ஏண்டா தங்கம் என்று கேட்டேன்.

"கயல் தப்பா இருக்கா" என்றாள்.

யோசித்துப் பார்த்தால், படம் எடுத்தபோதெல்லாம் அவள் காதில் விழுந்தது அதுதான். இங்க பாரு, அங்க இல்ல, தப்பு, திரும்பு. அத்தைகள், மாமாக்கள், கல்யாண வீட்டு வீடியோக்காரர் என்று எல்லோரும் அதையே சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் டீச்சர், வெறுமனே 'சூப்பர்' என்று புகழ்ந்தால் இந்தப் பிள்ளைக்கு ஏறாது, அவள் செய்கிற எது நன்றாக இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லுங்கள் என்றார். என் கணவருக்குப் பொறுமை போதவில்லை. நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கி வந்து அவள் சட்டையில் ஒட்டினார். அவள் ஒவ்வொன்றாக உரித்து பிரிட்ஜில் ஒட்டினாள். அந்த மாதம் எங்கள் வீட்டில் ஏகப்பட்ட தன்னம்பிக்கையோடு இருந்தது பிரிட்ஜ் ஒன்றுதான்.

இந்த நிலைமையில் பள்ளிக்கூடத்தில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டார்கள். நான் முன்னாலேயே தனியாகப் போய் அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். தொடக்கூடாது, சத்தம் கூடாது, நேராகப் பார் என்று வற்புறுத்தக்கூடாது. வாசல் வழியாக வரலாமா, அதுவும் கூடாதா என்று கேட்டார்.

மறுநாள் கயலோடு போனோம். அண்ணன் தன் கைகளையே நம்பாமல் பின்னால் கட்டிக்கொண்டார். பிள்ளைகளைத் திரும்ப வைக்க அவரிடம் ஒரு கிளி பொம்மை உண்டு. பழக்கத்தில் அதை அமுக்கினார், அது கீச்சிட்டது, கயல் காதைப் பொத்தினாள். நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தார். கடைசியில் கொஞ்சம் ஆடிக்கூடக் காட்டினார். அந்த வயசுக்கு, அந்த உடம்புக்கு, அது சாதாரணக் காரியமில்லை. கயல் விளக்குக்கு மேலே விரித்து வைத்திருந்த வெள்ளைக் குடையின் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "தாயி, ஊரே பாக்குற மூஞ்சி இது. இதுல என்ன குறையக் கண்ட?"

கயல் குடையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள். "மூக்குல முடி இருக்கு."

அண்ணன் உள்ளே போனார். வாடிக்கையாளர்கள் தலை சீவுகிற கண்ணாடி முன்னால் நின்றார். வெகு நேரம் நின்றார். நான் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்து, இன்றைக்குப் போய்விட்டு நாளைக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மூக்கு சுத்தமாக இருந்தது. மனுஷர் பளிச்சென்று இருந்தார்.

"தங்கச்சி, இவ பாக்கவே மாட்டான்னு சொன்னீங்க. இம்புட்டு வருஷமா இந்த மூஞ்சிய நேருக்கு நேரா பாத்துட்டுப் போனவன் ஒருத்தனும் சொல்லல. என் வீட்டுக்காரிகூடச் சொல்லல. இவ பாக்காமலே பாத்துட்டா."

அன்றைக்கு அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. குடையை விளக்கிலிருந்து கழற்றி, கேமராவுக்குப் பின்னால் தன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, வெயில் கொளுத்துகிற மதுரையில், கடைக்குள், மழைக்கு ஒதுங்கியவர் மாதிரி நின்றார். கயல் குடையைப் பார்த்தாள். குடை லென்ஸுக்கு நேராக இருந்தது. பாஸ்போர்ட் படம் முடிந்தது.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் விடவில்லை. குடையைப் பழைய இடத்திலேயே மாட்டினார். "இப்ப எங்கிட்டு வேணும்னாலும் பாரு தாயி" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை அந்தத் தெருவில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். கயல் கழுத்தைச் சாய்த்து மேலே பார்த்தாள். கன்னத்தருகே விரல்கள் ஆட ஆரம்பித்தன. அண்ணன் கேமரா பொத்தானை அழுத்தினார்.

கம்ப்யூட்டர் திரையில் படம் வந்தது. கயல் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, வழக்கமான தீர்ப்பைச் சொன்னாள். "கயல் தப்பா பாக்குறா."

அண்ணனுக்குக் கோபம் வந்தது. பிள்ளையைத் தேற்றுகிற கோபமில்லை அது. தொழிலைக் குறை சொன்னால் வருகிற நிஜக் கோபம்.

"எவன் சொன்னது? என் கடையில தப்பான படம் வெளிய போனதே இல்ல. நீ எதப் பாத்த?"

"குடை."

"படத்துல இருக்க புள்ள எதப் பாக்குது?"

"குடை."

"அப்புறம் என்ன தப்பு? சரியாத்தான பாக்குற."

கயல் யோசித்தாள். படத்துக்கும் குடைக்கும் மாறிமாறிப் பார்த்தாள். நாங்கள் வீட்டில் ஆயிரம் தடவை 'நீ அழகு' என்று சொன்னபோது கேட்காத காது, இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டது. "சரி" என்றாள்.

இந்தப் படத்தை முகப்பில் வைக்கலாமா என்று அண்ணன் என்னிடம் கேட்டார். அப்புறம் கயலிடம் கேட்டார். அவள் "நடுவுல" என்றாள். நடுவில் இருந்தது அண்ணனுடைய சொந்தக் கல்யாணப் படம். அவர் தயங்கினார். மாடியிலிருந்து இறங்கி வந்த அவர் வீட்டுக்காரம்மா விஷயத்தைக் கேட்டதும், தாலி ஏறுகிற நேரத்தில் தான் கண்ணை மூடியிருந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது போதும், முதலில் அதைக் கழற்றுங்கள் என்று தாமே பெட்டியைத் திறந்துவிட்டார். நேராகப் பார்க்கும் முகங்களுக்கு நடுவே குடை பார்க்கும் முகம் ஏறி உட்கார்ந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அந்தக் கண்ணாடி முன்னால் நிற்காமல் கயல் வீட்டுக்கு வர மாட்டாள். ஒருநாள் அங்கே நின்ற ஒரு அம்மா, பாவம், பிள்ளை எங்கேயோ பார்க்கிறது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கயல், "எங்கேயோ இல்ல. குடை" என்றாள்.

அந்த தைரியத்தில்தான் ஆட்டிசம் என்ற வார்த்தையை நான் அவளிடம் சொன்னேன். எது அவளுக்குக் கஷ்டம், எது அவளுக்கு நன்றாக வருகிறது, உலகத்தில் இப்படி இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவள் அதை நேராக நாடி அண்ணனிடம் கொண்டுபோய்ச் சொன்னாள். அப்படி என்றால் என்ன என்று அவர் என்னைக் கேட்டார். பதில் அவளே சொன்னாள்.

"நேரா பாக்கப் பிடிக்காது. சத்தம் வலிக்கும். குடை பிடிக்கும்."

அண்ணன் தலையாட்டிக்கொண்டார். தனக்கு டியூப்லைட் சத்தம் ஆகாது என்றார். டியூப்லைட் சத்தம் போடுமா என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் எனக்காகப் பரிதாபப்பட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கதை விடமாட்டேன். திருவிழா மைக் கட்டினால் எங்கள் வீடு இன்றைக்கும் ஜன்னலை அடைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வராத வாரமில்லை. ஆனால் போன மாதம் கயலே வந்து, "நம்ம மூணு பேரும் படம் எடுக்கலாம்" என்றாள். கிளம்பினோம். அண்ணன் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தவர், கயலைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். "அவங்கவங்களுக்குப் பிடிச்சத பாருங்க" என்றார்.

படம் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. கயல் குடையைப் பார்க்கிறாள். அவள் அப்பா அவளைப் பார்க்கிறார். நான் கேமராவைப் பார்ப்பதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது அதற்குப் பின்னால் நின்ற மனுஷரை.