இடப்பக்கம் சுற்றிய நத்தையும் பின்சுவர்ச் சுண்ணாம்பும்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தானுக்கு,

வணக்கம். நான் நலம், நத்தையும் நலம். அங்கே உங்கள் முழங்கால், அக்காவின் கோபம், வீட்டின் பின்சுவர் மூன்றும் எப்படி இருக்கின்றன? முதல் இரண்டும் மழைக்காலம் முடிந்தால் தணிந்துவிடும். மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வரும் திங்களன்று பின்சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியிருப்பதாக அக்கா போனில் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள், திரும்பக் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அத்தான், காலில் விழுந்து கேட்கிறேன், அடிக்காதீர்கள். மூக்குக்கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன், வரிகள் ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள்ளவும்.

அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு நான் எதற்காக வந்தேன் என்பதை மறக்கவில்லை. ஐம்பத்தொரு வயதுக்குப் பிறகாவது எனக்கு ஒரு துணை வேண்டும் என்று அக்கா தேடிப்பிடித்த, மருந்துக்கடை நடத்தும் அம்மையார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கை கழுவத்தான் பின்பக்கம் போனேன். தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. குழாய்க்கு மேலே பாசி படர்ந்த இடத்தில் கட்டைவிரல் நகத்தளவு தட்டை நத்தை ஒன்று, உலகத்தில் யாருக்கும் எந்த அவசரமும் இல்லை என்பதுபோல் போய்க்கொண்டிருந்தது. ஓடு இடப்பக்கம் சுற்றியிருந்தது. அருங்காட்சியகத்தின் நத்தை அறையில் இருபத்தாறு வருடமாக இழுப்பறை இழுப்பறையாகப் பார்த்துவருகிறேன், அந்த வகையில் எல்லாமே வலப்பக்கம்தான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. ஈரச் சுவர் மெல்ல மூச்சு விடுவதுபோல் இருந்தது, நானும் அதோடு சேர்ந்து விட்டுக்கொண்டிருந்தேன். நீங்களோ, நான் கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பதாக நினைத்துவிட்டீர்கள். அக்கா அழுதாள். நீங்கள் குடையோடு வந்து, "என்ன குறையா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம், மச்சான்" என்றீர்கள். நான் "உஷ்" என்றேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பிறகு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் நத்தையை வைத்து, கண்ணாடியை எங்கேயோ வைத்து, மங்கலாகக் கூடத்துக்குள் வந்து, நாற்காலியில் தொங்கிய மழைக்கோட்டுக்கு வணக்கம் சொல்லி, தாமதத்துக்கு வருத்தமும் தெரிவித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். அம்மையார் எதிர் நாற்காலியில் இருந்தாராம்.

எங்கள் இயக்குநர் நத்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணுன்னா அது பிறவிக் கோளாறு. இன்னும் நாலஞ்சு இருந்தா பரம்பரை. போய்த் தேடுங்க" என்றார். எந்தப் பக்கம் சுற்றுவது என்பது தாய்வழி வருவது, அத்தான். இது பரம்பரை என்றால் இதன் உடன்பிறப்புகளும் உங்கள் சுவரில்தான் இருக்க வேண்டும். இடச்சுற்று நத்தை வலச்சுற்று நத்தையோடு ஜோடி சேர முடியாது, உடம்பின் அமைப்பே எதிரெதிராகிவிடுகிறது. இடச்சுற்றுகள் ஒன்றையொன்று கண்டுபிடித்துப் பெருகினால் ஒருநாள் அது தனி இனமாகவே பிரிந்துபோகலாம். நடுவில் மலையோ கடலோ வரவேண்டியதில்லை, ஒரு திருகல் போதும். கண்டுபிடிக்காவிட்டால் இதோடு சரி. சோதித்துப் பார்க்க, நத்தை இருந்த கண்ணாடி ஜாடிக்குள் வலச்சுற்று நத்தை ஒன்றைத் துணைக்கு விட்டேன். பகல் முழுக்க ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தூங்கிப்போயின. மனசு கேட்காமல் வலச்சுற்றை வெளியே எடுத்துவிட்டேன்.

இதற்கிடையில் இன்னொரு விபரீதம். எங்கே, எப்போது, யார் எடுத்தது என்ற சீட்டு இல்லாவிட்டால் எங்கள் அறையில் எந்த நத்தையும் வெறும் ஓடுதான். ஜாடிக்குள் நான் போட்ட சீட்டில் இடம் எழுதியிருந்த பாதியை நத்தை தின்றுவிட்டது. சற்று நடக்கட்டும் என்று மேசையில் விட்டேன், இந்தக் கடிதத்தின் முதல் பிரதியையும் ஓரமாகச் சாப்பிட்டது. நேற்று மதியம் கூரைக் கண்ணாடியில் மழை விழுந்துகொண்டிருக்க, இழுப்பறைகளுக்கு நடுவே அப்படியே கண்ணயர்ந்தேன். கனவில் உங்கள் பின்சுவர் முடிவில்லாமல் நீண்டது. சுவர் நிறைய இடச்சுற்று நத்தைகள், அவற்றின் வேகத்திலேயே நானும் நடந்தேன், எதற்கும் தாமதமாகவில்லை. பின்னால் ஏதோ வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் சுண்ணாம்பு.

ஆகவே, சனிக்கிழமை நானே வந்து தேடும்வரை சுவரை யாரும் தொடவேண்டாம். அம்மையாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்: தவறு முழுக்க என்னுடையது, சுவரோடு ஒரு மணி நேரம் நிற்பவன் குடும்பத்துக்கு உதவமாட்டான், தனியாகவே இருந்து பழகிவிட்டான் என்று. அது முழு உண்மை இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் முழங்கால் நன்றாக மடங்கட்டும், அக்காவின் கை போனை எடுக்கட்டும், வீட்டில் எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று விரும்பும்,

உங்கள் மச்சான்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசல் காவலர் வந்து, யாரோ பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். அந்த அம்மையார். கையில் என் மூக்குக்கண்ணாடி. நான் ஓடிய பிறகு, அப்படி என்னதான் இருக்கிறதென்று பின்பக்கம் போனாராம், குழாய்மேல் கண்ணாடி இருந்ததாம். "நானும் ஒரு மணி நேரம் நின்னேன், சிலது மட்டும் எதிர்ப்பக்கமா சுத்தியிருந்துச்சு" என்றார். பையிலிருந்து ஆறு மாத்திரை டப்பாக்களை எடுத்து வைத்தார். மூடியில் ஊசித் துளைகள், உள்ளே டப்பாவுக்கொரு இடச்சுற்று நத்தை. ஒவ்வொன்றிலும் சீட்டு: எந்தச் சுவர், தரையிலிருந்து எத்தனை அங்குலம், தேதி, எடுத்தவர். சீட்டை டப்பாவுக்கு வெளியே ஒட்டியிருந்தார். இருபத்தாறு வருடத்தில் எனக்கு அது தோன்றவில்லை. சுண்ணாம்பு அடிக்கும் ஆளை வேண்டாமென்று அக்காவைச் சொல்லவைத்ததும் அவர்தானாம். எனவே நான் காலில் விழுந்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவரிடம் சொல்லச் சொன்னதை எக்காரணம் கொண்டும் சொல்லவேண்டாம். எப்போதும்போல் அக்காவுக்கு உரக்கப் படித்திருப்பீர்கள், அந்தப் பத்தியை மறந்துவிடச் சொல்லுங்கள்.

அவர் என் ஜாடியைக் குனிந்து பார்த்து, "இது மட்டும் ஏன் தனியா இருக்கு?" என்று கேட்டார். நான் மூடியைத் திறந்தேன்.

கடிதத்தைத் திருத்தி எழுத நேரமில்லை, அத்தான். அவர் கேண்டீனில் உட்கார்ந்திருக்கிறார். இந்த முறை காக்கவைக்கக் கூடாது.